தள்ளுபடி வைரம்

செத்தவனை எழுப்ப முன்னூறு பொன் பெறுமானமுள்ள வைரம் ஒன்று வேண்டும். இது விதி. யார் போட்ட விதி, அதென்ன முன்னூறு கணக்கு, ஒரு பொன் குறைந்தால் சாமி முகத்தைத் திருப்பிக்கொள்வாரா என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் கூட்டமைப்புக்குக் கோபம் வரும். கூட்டமைப்புக்குக் கோபம் வந்தால் உறுப்பினர் அட்டை போய்விடும். அட்டை போனால் வியாழக்கிழமை சாயங்காலம் மேஜையில் உட்கார முடியாது.

ஹார்லன் தோர்சனுக்கு மேஜை போனால் அண்ணன் போய்விடுவான். இதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

ஹார்லன் விஸ்கான்சினில் ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். அண்ணன் வெண்டலுக்குப் பாலாடைக்கட்டி ஆலையில் வேலை. இரண்டு பேரும் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. அப்பா செத்த வருஷம், வெண்டல் குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில், ஹார்லன் பண்ணை மாடுகளை மொத்தமாக விற்றுவிட்டான். வெண்டல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து காலித் தொழுவத்தைப் பார்த்தான். அன்று மூடிய வாய்தான். கடையில் எதிரெதிரே வந்துவிட்டால் ஆளுக்கொரு சூப் டப்பாவை எடுத்து, அதில் என்னென்ன போட்டிருக்கிறது என்று கடைசி எழுத்துவரை படிப்பார்கள். அம்மா இருப்பது வெண்டல் வீட்டில். தொலைபேசியை எடுப்பவன் வெண்டல். ஹார்லன் குரல் கேட்டால் வைத்துவிடுவான்.

ஆனால் வியாழக்கிழமை வேறு நாள். அன்று லுத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஆட்டம். பல் வைத்தியரிடம் வரவேற்பாளராக இருக்கும் மார்னிதான் ஆட்டத்தை நடத்துகிறவள். குகை, அரக்கன், சத்திரக்காரன், வியாபாரி எல்லாரும் அவள் வாயிலிருந்து வருவார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, பகடையை உருட்டி, வாயாலேயே சண்டை போட்டுப் புதையல் எடுப்பார்கள். வெண்டல், கிரம்போல்டு என்கிற கோடரிக் குள்ளன். ஹார்லன், ஆஸ்வின் என்கிற பூசாரி. இந்தக் குள்ளனுக்கும் பூசாரிக்கும் இடையே நகமும் சதையுமாக ஓர் ஒட்டு. ஒருத்தன் அடிபட்டால் இன்னொருத்தன் அரக்கனின் காலைக் கடிப்பான்.

"யோவ் சாமி, எங்க மலையில ஒரு கிழவி பனியில வழுக்கி விழுந்து இடுப்ப ஒடச்சுக்கிட்டா. பூசாரி எங்க, பூசாரி எங்கன்னு ஒரே பொலம்பல்" என்பான் குள்ளன், பகடையைக் குலுக்கியபடி. மறுநாள் காலையில் ஹார்லன் கையில் பூவோடு ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலருகே நிற்பான். வீட்டுக் கூரை ஒழுகினால் குள்ளனின் குகை ஒழுகும். ஹார்லன் ஆள் அனுப்பிக் கூரையைச் சரிசெய்வான். மேஜையில் இருந்த எல்லாருக்கும் இது தெரியும். விஸ்கான்சின்காரர்கள் ஆதலால் தெரியாத மாதிரி சிப்ஸைத் தின்றுகொண்டிருப்பார்கள்.

அந்தக் குள்ளன் பிப்ரவரியில் செத்துப்போனான். ஒரு பள்ளத்தை எட்டிப் பார்த்தான். பகடையில் ஒன்று விழுந்தது, இருப்பதிலேயே கெட்ட எண். பள்ளத்தில் சிலந்தி இருந்தது, நம் வீட்டு மூலையில் இருக்கிற அளவு இல்லை. மார்னி அழாத குறையாகத்தான் அதைச் சொன்னாள்.

செத்தால் என்ன, பூசாரிக்கு எழுப்பும் மந்திரம் தெரியும். சாதாரண மந்திரங்களுக்கு வௌவால் எச்சம், கந்தகம், ஒட்டடை என்று ஏதாவது வேண்டும். அதெல்லாம் பையில் இருப்பதாக வைத்துக்கொள்வார்கள். எச்சம் தேடி எந்தப் பூசாரியும் வௌவாலின் பின்னால் அலைந்ததில்லை. ஆனால் விலை எழுதியிருக்கிற பொருளை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. அதை ஆட்டத்துக்குள்ளேயே பொன் கொடுத்து வாங்கி, கூட்டமைப்பின் மந்திரப் பொருள் மதிப்பீட்டுக் குழுவிடம் முத்திரை பெற்று, பிறகுதான் மந்திரத்தில் எரிக்கலாம். ஏழெட்டு மாகாணங்களின் மேஜைகள் எல்லாம் அந்தக் கூட்டமைப்பின் குடைக்குக் கீழே இருந்தன. பேயைக் கொல்ல அனுமதி வேண்டாம், ராஜாவைக் கவிழ்க்க அனுமதி வேண்டாம், வைரத்துக்கு மட்டும் வேண்டும்.

வேஷம் செத்துப்போனால் அந்த வேஷக்காரனுக்கும் விதி உண்டு. விவகாரம் முடியும்வரை அவன் ஆட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். தோளில் வெள்ளைத் துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். பேசக் கூடாது. சிப்ஸ் தொடக் கூடாது, தின்பது உயிருள்ளவர்களின் சலுகை. வெண்டல் அப்படியே உட்கார்ந்தான். ஹார்லன் அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே ஆடினான்.

ஆட்டத்தில் வைரம் சுலபமாகவே கிடைத்தது. நகைக்கடை வியாபாரி ஒருவனின் மகளுக்கு ஜுரம் வந்தபோது ஆஸ்வின் முன்பு எப்போதோ தீர்த்து வைத்திருந்தான். அந்த நன்றியில் வியாபாரி, புறா முட்டை அளவு கல்லை எடுத்துக் கையில் வைத்து, "உங்ககிட்ட முன்னூறு வாங்குனா என் குடும்பம் வெளங்குமா சாமி, இருநூறு குடுங்க போதும்" என்றான். மார்னிக்கு அந்த வியாபாரியை மிகவும் பிடிக்கும்.

முத்திரை வைக்கக் குழுத் தலைவர் க்ளிஃபோர்ட் ஸ்டெங்கலே நேரில் வந்தார். காப்பீட்டுக் கம்பெனியில் முப்பது வருஷம் எரிந்த வீடுகளுக்கு விலை குறைத்துப் போட்டு ஓய்வு பெற்றவர். மார்னி வைரத்தைப் பற்றி எழுதி வைத்திருந்த வர்ணனையைக் கண்ணாடி போட்டுப் படித்தார், கழற்றிவிட்டுப் படித்தார். முத்திரையைக் கையில் எடுத்து, "நல்ல கல்லு" என்றார்.

இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வியாதி உண்டு. சட்டை நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் நன்றி என்று சொல்லி வாயை மூட மாட்டார்கள். எவ்வளவு மலிவாக வாங்கினேன் தெரியுமா என்று ஆரம்பிப்பார்கள். கல்யாண உடுப்பைப் பாராட்டினாலும், சவப்பெட்டியைப் பாராட்டினாலும், அடுத்த பேச்சு தள்ளுபடிதான். அவர்களுக்கு அதுவே அடக்கம், அதுவே பெருமை. ஹார்லனும் அந்த மண்ணில் பிறந்தவன்.

"இருநூறுக்கு வாங்கினேன், நம்புவீங்களா?" என்றான் சிரித்த முகத்தோடு.

ஸ்டெங்கல் முத்திரையைத் திரும்பப் பைக்குள் வைத்தார். இருநூறு கொடுத்து வாங்கிய பொருளின் பெறுமானம் இருநூறு என்றார். அதே கல்லுக்கு வேறு யாராக இருந்தாலும் முன்னூறு, நானூறுகூடக் கொடுத்திருப்பார்கள் என்றாள் மார்னி. வேறு யாராவது கொடுத்திருந்தால் அவர்களுடைய பிணம் எழுந்திருக்கும் என்றார் அவர். மூன்றில் இரண்டு பங்கு விலைக்கு மூன்றில் இரண்டு பங்கு குள்ளனையாவது எழுப்பிக்கொள்ளலாமா என்று ஹார்லன் வெகுளியாகக் கேட்டான். ஸ்டெங்கல் அதைத் தீவிரமாகவே யோசித்தார். இடுப்புவரை எழுப்ப விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஹார்லன் பட்ட பாட்டை நாய்கூடப் படாது. மறு வியாழக்கிழமை பூசாரி ஆஸ்வின் வியாபாரியிடம் திரும்பிப் போய், இன்னொரு நூறு பொன் வாங்கிக்கொள்ளும்படி காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். வியாபாரி சொன்ன சொல் தவறாதவன் என்று மார்னி அவனைப் படைத்த அன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்தக் கையெழுத்தை மாற்றவும் குழுவின் அனுமதி வேண்டும். ஆகவே அவள் தன் வாயாலேயே மறுக்க வேண்டியதாயிற்று. சரி, அன்பளிப்பாக வைத்துக்கொள் என்று நூறு பொன்னைக் கடையில் வைத்துவிட்டு ஓடி வந்தான் பூசாரி. அன்பளிப்பு அன்பில் சேரும், விலையில் சேராது என்று குழு எழுதியது. தன்னோடு ஆடும் மந்திரவாதிக்குக் கல்லைச் செப்புக்காசுக்கு விற்று, அவனிடமிருந்தே முன்னூறுக்குத் திரும்ப வாங்கினான். ஒரே மேஜையில் சிப்ஸ் பகிர்கிறவர்களுக்குள் நடப்பது வியாபாரம் ஆகாது என்று குழு எழுதியது. அந்த மந்திரவாதி முன்னூறைத் திருப்பித் தரவும் மறந்துவிட்டான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, அவனுக்கும் ஒரு முத்து வாங்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் ஹார்லன் பேருந்தின் ஜன்னல் வழியாக வெண்டலின் லாரி ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதைப் பார்த்தான். அடுத்த நாளும் அங்கேயே நின்றது. யாருக்கு என்ன என்று தெரியவில்லை. மலையின் சேதி சொல்லக் குள்ளன் இல்லை. அன்று அவன் ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டு, குழந்தைகள் கூச்சல் போட்ட பிறகு திரும்பி வந்தான். வியாழக்கிழமை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அண்ணனின் முதுகை உலுக்கிக் கேட்டுவிடலாமா என்று தோன்றியது. கை எழவில்லை. கேட்டு, பதில் வராமல் போனால் என்ன செய்வது என்ற பயம். கடைசி வழியாகக் குழுவின் முன்னால் நேர்விசாரணைக்கு எழுதிப் போட்டான்.

குழுவின் தலைமையகம், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஒரு பௌலிங் கூடத்தின் மாடியில் இருந்தது. கீழே கட்டைகள் சரியும்போதெல்லாம் மேலே மேஜை அதிரும். குழுவில் ஸ்டெங்கல், பொருளாளர், தூங்கிக்கொண்டிருந்த இன்னொருவர் என மூன்று பேர். விதிப்படி பிணமும் வர வேண்டும் என்பதால் வெண்டலும் துண்டோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தான். அவன் தன் லாரியில் வந்தான், இவன் தன் காரில் வந்தான். நாற்பது மைலும் ஒருத்தன் பின்னால் ஒருத்தன்.

ஹார்லனுக்கு முன்னால் இரண்டு வழக்குகள். முதலாவது ஒரு பள்ளி ஆசிரியை. நூறு பொன்னுக்கு முத்து வாங்கி முறையாக வைத்திருந்தார். அவருடைய ஆட்டத்தில் ராஜா திருவிழாத் தள்ளுபடி அறிவித்து முத்து விலை இறங்கிவிட்டது. பஞ்சமோ போரோ வந்து விலை ஏறினால் மறுபடி வரச் சொன்னார்கள். அந்த அம்மாள் தன் ராஜ்ஜியத்தில் பஞ்சம் வரப் பிரார்த்தனை செய்வதாகச் சொல்லி, பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். இரண்டாவது ஒரு வாலிபன். எத்தன் ஒருவன் அவனை ஏமாற்றி, மணல் அளவு வைரத்தூளை முன்னூறு பொன்னுக்குத் தலையில் கட்டியிருந்தான். பணத்தை மீட்டுத் தரச் சொல்லி அழாத குறையாக நின்றான். குழு எழுந்து நின்று கைதட்டியது. முழு விலை கொடுத்த உத்தமன் என்று முத்திரை குத்தி அனுப்பியது.

ஹார்லன் தன் வழக்கைச் சொன்னான். ஸ்டெங்கல் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"மிஸ்டர் தோர்சன், உங்க வைரம் நல்ல வைரம். அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நாங்க வைரத்தப் பாக்குறதில்ல, விலையப் பாக்குறோம். தள்ளுபடியில எழுப்பலாம்னு ஆயிட்டா, அப்புறம் சாவுக்கு என்ன மரியாதை? ஏழை பாழையெல்லாம் எந்திரிச்சு வந்துடுவான். எங்க மதிப்பீட்டுல இதுவரைக்கும் ஒரு தப்புகூட வந்ததில்ல. ஏன்னா நாங்க எதையும் ஒடச்சோ ஒரசியோ பாத்ததில்ல." கீழே கட்டைகள் சரிந்தன. அவர் அதைக் கரகோஷமாக எடுத்துக்கொண்டு லேசாகத் தலை குனிந்தார்.

ஆனால் குழுவுக்கு இரக்கம் உண்டு. அங்கீகாரம் பெற்ற நகை வியாபாரி ஒருவர் அதே அறையிலேயே இருந்தார். பொருளாளர் தன் சட்டையிலிருந்த பொருளாளர் வில்லையைக் கழற்றி, நகை வியாபாரி வில்லையைக் குத்திக்கொண்டு மூலை மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். அவரிடம் முன்னூறு பொன்னுக்கு முத்திரையோடு வைரம் கிடைக்கும். ஹார்லனிடம் பொன் இல்லை. பூசாரியின் கேடயம், கோவேறு கழுதை, வெண்கல மணி எல்லாவற்றையும் அந்த மேஜையே பாதி விலைக்கு எடுத்துக்கொண்டது. போதவில்லை. புறா முட்டை வைரத்தையும் பழைய பொருள் என்று சொல்லி எடுத்துக்கொண்டது. பதிலுக்கு ஒரு சீட்டில் 'வைரம், ஒரு துணுக்கு' என்று எழுதிக் கொடுத்தது. தும்மிவிடாதீர்கள், பறந்துவிடும் என்று எச்சரித்தார் வியாபாரி. கற்பனை வைரத்துக்காக ஹார்லன் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"பாத்தீங்களா, இதுதான் வைரம்" என்று ஸ்டெங்கல் நெகிழ்ந்துபோய் முத்திரை வைத்தார். இனி ஒரே ஒரு சடங்குதான் பாக்கி. செத்த ஆன்மாவின் சம்மதம்.

ஸ்டெங்கல் சுவர்ப் பக்கம் திரும்பி, ஆஸ்வின் என்கிற ஹார்லன் தோர்சன் அழைக்கிறார், திரும்பி வரச் சம்மதமா என்று கேட்டார்.

வெண்டல் திரும்பாமல், "அந்தச் சாமிகிட்ட சொல்லுங்க..." என்று குள்ளனின் கட்டைக்குரலில் ஆரம்பித்தான். ஸ்டெங்கல் சுத்தியலைத் தட்டினார். குள்ளன் செத்துவிட்டான், செத்தவன் குரலில் பேசுவது முறைகேடு, கூப்பிட்டவரின் முகத்தைப் பார்த்து, சொந்தக் குரலில், சொந்தப் பெயரில் பதில் சொல்ல வேண்டும் என்றார். பாவம், அவர் விதியைத்தான் சொன்னார்.

வெண்டல் தோளிலிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டான். பிறகு நாற்காலியோடு திரும்பினான். முகம் சிவந்திருந்தது. ஒன்பது வருஷத்தில் தம்பி எவ்வளவு நரைத்துவிட்டான் என்று அப்போதுதான் பார்த்தவன் போலப் பார்த்தான்.

"ஹார்லன்" என்றான். "மாட்ட விக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?"

"கேக்கல அண்ணே. அப்பா வாங்குன கடனுக்கு பேங்க்காரன் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம் குடுத்தான். நீ மயக்கத்துல கெடந்த. ஆனா முழிச்சிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். வேணாம்னு சொல்லியிருப்ப. அதுக்குப் பயந்துதான் கேக்கல."

"எவ்வளவுக்குக் குடுத்த?"

இந்த ஊரில் வாங்கியதைத்தான் மலிவு என்று பீற்றிக்கொள்வார்கள். மலிவாக விற்றேன் என்று சொல்ல யாருக்கும் நா எழாது. ஹார்லன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். முழு விலை கொடுக்க வந்தவன் கசாப்புக்குக் கேட்டான். ஊருக்கு அந்தப் பக்கம் இருந்த, ஆமிஷ் என்கிற பழங்காலக் கட்டுப்பாட்டுச் சபையைச் சேர்ந்த விவசாயி ஒருவர், கறக்க மட்டும் வைத்துக்கொள்வேன் என்றார், ஆனால் அவரிடம் பாதிப் பணம்தான் இருந்தது. அவருக்குத்தான் கொடுத்தான். மிச்சத்தைத் தன் பேரில் கடன் வாங்கிப் போட்டு பேங்க்கை அடைத்தான். அந்தக் கடன் போன வருஷம்தான் முடிந்தது.

"இத ஏன்டா சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? குள்ளன்கிட்டயா?"

வெண்டல் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். முதலில் கன்று போட்ட அந்தச் செவலை என்ன ஆனாள் என்று கேட்டான். நாலு குளிர்காலம் இருந்தாள், தொழுவத்திலேயே படுத்துச் செத்தாள் என்றான் ஹார்லன். அதற்கு மேல் வெண்டலால் அடக்க முடியவில்லை. அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. ஹார்லன் அருகில் போகத் தெரியாமல் நின்றான். பிறகு போனான்.

ஸ்டெங்கல் சுத்தியலைத் தட்டினார். "குழுவோட கருத்த பதிவு பண்றேன். பாதி விலைக்கு வித்த மாடு எங்க விதிப்படி அரை மாடுதான். அது வேற விஷயம். ஆன்மா இன்னும் பதில் சொல்லல. சம்மதமா, இல்லையா?"

"இல்ல" என்றான் வெண்டல், எழுந்து கோட்டைத் தேடிக்கொண்டே. "குள்ளன் செத்தது செத்ததாவே இருக்கட்டும். வாடா போலாம். ஒரு மாசமா எனக்கு ஒரு சிப்ஸ் தரல இவனுங்க."

அவர்கள் படியிறங்கிப் போன பிறகும் குழு கலையவில்லை. ஆன்மா மறுத்துவிட்டதால் மந்திரம் நடக்கவில்லை, வைரம் எரியவில்லை. ஆனாலும் இந்த அறைக்குள் ஏதோ ஒன்று எழுந்துவிட்டது போல எல்லாருக்கும் பட்டது. ஒரு காசு செலவில்லாமல் இப்படி நடப்பது எவ்வளவு ஆபத்தான முன்னுதாரணம் என்று ஸ்டெங்கல் கவலைப்பட்டார். உறுப்பினர்கள் இனிமேல் விசாரணையின்போது அழுவதானால், ஐம்பது பொன் பெறுமானமுள்ள கைக்குட்டையை முன்கூட்டியே முத்திரை பெற்று வைத்திருக்க வேண்டும் என்று புது விதி ஒன்றை இயற்றினார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்து அதை வழிமொழிந்தார்.

கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில் அண்ணனும் தம்பியும் பனியில் நின்றார்கள். வேஷம் இல்லாமல் எப்படிப் பேசுவது என்று இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது. வெண்டல் லாரிக் கதவைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"ஆஸ்பத்திரி வாசல்ல லாரியப் பாத்தேன்" என்றான் ஹார்லன்.

"அம்மாவுக்குக் கண்ணுடா. செவ்வாக்கிழமை ஆபரேஷன். விடியறதுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போகணும். எனக்கு இருட்டுல ஓட்ட முடியல இப்பல்லாம்." வெண்டல் சாவியைக் கையில் உருட்டினான். "நீ ஓட்டுறியா?"

"ஓட்டுறேன்" என்றான் ஹார்லன்.